மரப்பேனாவும் துளைக்கருவிகளும்



சரசுவதி பூசையன்று ஏட்டையும் எழுதுகோலையும் அடுக்கிப் பொட்டிட்டு வழிபடுவது தமிழ் வீடுகளின் நெடுநாள் வழக்கம். அந்த அடுக்கில் முன்னாளில் எழுத்தாணி இருந்தது. பின்னாளில் பேனா இருந்தது. இரண்டுக்கும் இடையே பலரும் எண்ணிப் பாராத வேறுபாடு ஒன்று உண்டு. எழுத்தாணி முழு இரும்பு. அதற்கு உட்புறம் என்று ஒன்று கிடையாது. பேனாவுக்கு உட்புறம் உண்டு. மை தங்குவதும் அங்கேதான், மைக்குழல் அமர்வதும் அங்கேதான். நாணற்பேனாவுக்கும் இறகுப்பேனாவுக்கும் அந்த உட்புறத்தை இயற்கையே வகுத்துக் கொடுத்துவிட்டது. மரத்தில் பேனா செய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. முழுக்கட்டை ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, வளையாமலும் விரியாமலும் பக்கவாட்டில் பீறிட்டு வெளிப்படாமலும் அவரே துளையிட்டாக வேண்டும். அந்தத் துளையைப் பற்றியும், அதற்குரிய கருவிகளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியுமே இந்த உரை.

கவிஞர்கள் கூடியுள்ள அவையில் தச்சுப்பட்டறைச் செய்தி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். ஒரு பழைய வீடு இடிபடுவதாக வைத்துக்கொள்ளலாம். மூன்று தலைமுறைக்கு முன் நட்ட தேக்கு நிலைக்கால். கறையான் தின்றதையும் ஆணித்துளை விழுந்ததையும் நீக்கினால் தேறுவது ஐந்து அங்குல நீளத் துண்டு ஒன்றுதான். அந்த வாசலைக் கடந்து பள்ளிக்குப் போன மகள் இன்று எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த மரத்தில் அவளுக்கு ஒரு பேனா செய்து கொடுக்க வேண்டும் என்று வீட்டார் ஆசைப்படுகிறார்கள். ஒரு பேனாவுக்கு ஐந்து அங்குலம் போதும். இரண்டாவது பேனாவுக்குத்தான் மரம் இல்லை. பெத்லகேமிலிருந்து வரும் ஒலிவ மரக்கட்டைகளை விலைக்கு வாங்கிக் கடைபவருக்கு ஒன்று கெட்டால் மற்றொன்று உண்டு. இந்த நிலைக்காலுக்கு மற்றொன்று ஏது? உளி வழுக்கி விழுந்த கீறலை உப்புத்தாள் தேய்த்து ஓரளவு மறைத்துவிடலாம். துளையில் நேர்ந்த பிழைக்குப் பரிகாரம் மிகவும் குறைவு.

மரப்பேனா கடைவது ஒரு தனிக் கைவேலையாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில். பேனாவின் உலோக உறுப்புகளை ஒரு தொகுதியாகக் கட்டிக் கடைகள் விற்கத் தொடங்கின. மரத்தை மட்டும் கடைபவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் பெரிதும் பழகிப்போனது 'ஸ்லிம்லைன்' என்னும் மெல்லிய பந்துமுனைப் பேனா. முக்கால் அங்குலச் சதுரமும் ஐந்து அங்குல நீளமும் கொண்ட கட்டையை இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் 7 மில்லிமீட்டர்த் துளையிடுகிறார்கள். இரண்டு அங்குலத்துக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள பித்தளைக் குழலொன்றை ஒவ்வொரு துளையிலும் பசையிட்டுச் செருகுகிறார்கள். முனைகளைச் செங்கோணமாகச் சீவி, ஒரு மெல்லிய இரும்புக் கம்பியில் கோத்து, லேத்தில் ஏற்றிக் கடைகிறார்கள். மரம் என்று கையில் தென்படுவது, முடிவில், பித்தளையைப் போர்த்திய ஒரு மெல்லிய தோலே. எழுதும் முனையருகில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இங்கே ஒரு நுட்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். துளை கட்டையின் நடுமையத்தில் இல்லையென்றால் பேனா கோணலாகிவிடும் என்று புதிதாகக் கற்பவர்கள் அஞ்சுகிறார்கள். அது தேவையற்ற அச்சம். கட்டை கடைபடும்போது சுழல்வது துளையைச் சுற்றித்தான். ஆகவே வெளிவட்டம் எப்போதும் துளையோடு பொருந்தியே வரும். 19 மில்லிமீட்டர்க் கட்டையிலிருந்து 10 மில்லிமீட்டர்ப் பேனா கடையும்போது, துளை ஒரு பக்கமாக நான்கு மில்லிமீட்டர் விலகினாலும் பேனா பிழைத்துக்கொள்ளும். அப்படியானால் துல்லியம் எதற்கு? மரம் குறையும்போது அந்தச் சலுகையும் குறைந்துவிடும் என்பது ஒரு காரணம். அரித்தது போக நிலைக்காலில் 13 மில்லிமீட்டர்தான் தேறிற்று என்றால், இருபுறமும் மிஞ்சுவது ஒன்றரை மில்லிமீட்டர். 55 மில்லிமீட்டர் ஆழமுள்ள துளை ஒரு பாகை சாய்ந்தாலே மறுமுனையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விலகிவிடும். ஒன்றரைப் பாகை சாய்ந்தால் மிஞ்சிய மரம் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும். மற்றொரு காரணம் மரத்தின் வரிகள். மேற்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் வரிகள் ஒரே ஓட்டமாகத் தொடர வேண்டுமானால், இரு துளைகளும் அறுத்த இடத்திலே ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் அறுப்பதற்கு முன் கட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடிழுத்துவிடுவதும், துளையை எப்போதும் அந்த நடு வெட்டிலிருந்தே தொடங்குவதும் இதனால்தான். பிட் விலகினாலும் அந்த விலகல் பேனாவின் இரு கோடிகளில் போய் விழும். கண் விழும் நடுவிடத்தில் விழாது.

மன்னிக்க முடியாத பிழைகள் வேறு. துளை வளைந்துபோனால் குழல் பாதியில் சிக்கி நிற்கும். வாய் அகன்றுபோனால் குழலுக்கும் மரத்துக்கும் இடையே வெற்றிடம் விழும். கடையும்போது அவ்விடத்தில் உளி தட்டியதும் மரம் சில்லுச் சில்லாகப் பெயரும். மிகையாகச் சூடேறினால், கருங்காலி போன்ற அடர்ந்த மரங்களில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். அது அன்றே தெரியாமல், பேனா மெருகேறிய பிறகு தலைகாட்டுவதும் உண்டு.

துளையிடும் கருவிக்குத் தமிழில் தமரூசி என்று ஒரு பழஞ்சொல் இருக்கிறது. தமர் என்றால் துளை. வில்லின் நாணைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத் துளையிடுவது தச்சர்களின் பழைய முறை. இழுக்கும்போதும் தள்ளும்போதும் திசை மாறிச் சுழலும் அக்கருவி மெல்லத்தான் இறங்கும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் தூள் அசைந்து கொடுக்கும், சூடும் ஏறாது. இன்று பட்டறைகளில் வழங்கும் டிரில் பிட், உடலைச் சுற்றி இரண்டு திருகுப் பள்ளங்கள் ஓடும் எஃகுத் தண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ் இதற்கு 1863இல் காப்புரிமை பெற்றார். பிட்டைப் பொறியில் பொருத்துவதற்காக அவர் வகுத்த கூம்பு வடிவமும் 'மோர்ஸ் டேப்பர்' என்று அவர் பெயராலேயே வழங்கி, இன்றும் மரக்கடைசல் லேத்துகளில் இரண்டாம் எண் அளவில் பரவலாக இருந்துவருகிறது. துளையிடும் முனையும் அதைத் தாங்கும் அடியும் ஒரே மனிதரின் பெயரோடு தொடர்புற்றிருப்பது கருதத்தக்கது. பிட்டைக் கவ்வும் மூவிரல் 'சக்'குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் காப்புரிமை பெற்றது 1902இல். இடையில், 1900ஆம் ஆண்டையொட்டி, டெய்லரும் வொயிட்டும் பெத்லகேம் என்னும் அமெரிக்க எஃகாலையில் உருவாக்கிய அதிவேக எஃகு வந்தது. சிவக்கச் சூடேறினாலும் கூர் மழுங்காத அந்த எஃகே இன்றைய பிட்டுகள் பெரும்பாலானவற்றின் தாய்.

இனித் தேர்வுக்கு வரலாம். சாதாரண பிட்டின் முனை 118 பாகை. அதன் நடுவில், இரண்டு வெட்டுவிளிம்புகளும் சந்திக்கும் இடத்தில், சிறு உளி போன்ற குறுக்கு விளிம்பு ஒன்று இருக்கிறது. பெயர்தான் விளிம்பு, அது வெட்டுவதில்லை. மரத்தை நசுக்கித் தள்ளிக்கொண்டு இறங்குகிறது. தொடக்கத்தில் பிட் அங்குமிங்கும் வழுக்கி அலைவது அதனால்தான். 135 பாகையில், அந்த நடு விளிம்பைப் பிளந்து தீட்டிய பிட்டுகள் உண்டு. அவற்றில் வெட்டு ஏறக்குறைய மையத்திலிருந்தே தொடங்குவதால் அலைச்சல் குறைகிறது. மூன்றாவது வகை, நடுவில் ஊசிபோன்ற முள்ளும் ஓரங்களில் இரு கூர்முனைகளும் கொண்ட 'பிராட் பாயின்ட்'. ஓரக்கூர்கள் முதலில் வட்டமாக இழையை அறுத்துவிடும். பின்னரே உள்மரம் பெயரும். பலகையின் முகத்தில் துளையிட இதற்கு நிகர் இல்லை; வாய் கண்ணாடிபோல் வழவழப்பாக அமையும்.

ஆனால் பேனாக் கட்டை பலகையின் முகமன்று. பிட் இறங்குவது இழைகளின் குறுக்கே அன்று, நீளவாக்கில். மரத்தின் இழை எங்கும் ஒரே கடினமாக இருப்பதில்லை. வேனிலில் வளர்ந்த வரி கடினம், அதற்கு முன் வளர்ந்த வரி மென்மை. முள்முனை பிட்டின் ஊசி மென்மையான வரியொன்றைக் கண்டால் அதையே வழியாகக் கொண்டு நழுவிச் செல்வதும் உண்டு. அத்தகைய பிட்டுகளில் பலவற்றின் திருகுப் பள்ளங்கள் ஆழம் குறைந்தவை. இரண்டு அங்குல ஆழத்தில் தூள் அடைத்துக்கொள்ளும். ஆயினும் முள்முனை பிட்டையே போற்றும் தேர்ந்த கடைசல்காரர்கள் பலர் இருக்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் தேவையில்லை. வரி நேராக ஓடும் மரத்தில் இரண்டும் நேராகவே செல்லும். வரி சுழன்று ஓடும் மரத்திலும் கணுவருகிலும் பிளந்த முனையுள்ள 135 பாகை பிட்டே நம்பத்தக்கது. நிலைக்கால் தேக்குக்கு அதுவே ஏற்றது. திருகுப் பள்ளம் அகன்று, ஆழ்ந்து, உட்புறம் மெருகேற்றப்பட்டதாக இருந்தால் மேலும் நன்று. தூள் வழுக்கி வெளியேறும்.

முனைமீது தங்கநிறப் பூச்சு பூசிய பிட்டுகள் கடைகளில் மின்னிக்கொண்டிருக்கும். டைட்டானியம் நைட்ரைடு என்னும் அந்தப் பூச்சு தேய்மானத்தைக் குறைப்பது உண்மையே. கோணலான பிட்டை அது நேராக்காது. இரண்டு வெட்டுவிளிம்புகளில் ஒன்று மற்றொன்றைவிடச் சிறிது நீண்டிருந்தால், மையம் ஒருபுறம் தள்ளி, துளை பிட்டைவிட அகன்றுவிடும். பொன் பூசிய பிட்டிலும் இது நேரும். கறுப்பு பிட்டிலும் நேரும். வாங்கும்போது பார்க்க வேண்டியது நிறத்தை அன்று, இரு விளிம்புகளின் சமநிலையை. நீளமும் அதுபோலவே. ஜெர்மானியத் தர அளவின்படி 7 மில்லிமீட்டர் பிட்டின் மொத்த நீளம் 109 மில்லிமீட்டர், திருகுப் பள்ளத்தின் நீளம் 69. ஸ்லிம்லைன் குழலுக்கு இது தாராளம். இதைவிட நீண்ட பிட் 'எதற்கும் உதவும்' என்று வாங்குவோர் ஒரு கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு முனையில் பிடித்த தண்டின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு அது வளைவது எட்டு மடங்காகும். குட்டையான பிட்டே நேரான பிட்.

அளவில் ஏமாறுவோர் மிகப் பலர். தொகுதியில் 7 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருக்க, கைவசமுள்ள அங்குல பிட்டால் ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றும். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், குழல் நுழையாது. 32இல் 9 பங்கு அங்குலம் 7.14 மில்லிமீட்டர், குழல் ஆடும். 'ஜெ' என்னும் எழுத்தால் குறிக்கப்படும் பிட் 7.04 மில்லிமீட்டர், விரிந்து கொடுக்காத அக்ரிலிக் கட்டைகளுக்குச் சிலர் அதை விரும்பி வைத்திருக்கிறார்கள். தண்டில் பொறித்த எண்ணை நம்புவதைவிட, உதவாத மரத்துண்டு ஒன்றில் துளையிட்டு, குழலை நுழைத்துப் பார்ப்பது மேல். வெர்னியர் காலிப்பரால் குழலை அளந்துகொள்வதும் வேண்டும். ஒரே தொகுதியில் வந்த குழல்களுக்குள்ளும் சிறு வேறுபாடு இருக்கக்கூடும்.

இவ்வளவும் பிட்டைப் பற்றி. பேனாத் துளையின் நேர்மை பிட்டைவிட இரண்டு செய்திகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது. சுழல்வது எது என்பது ஒன்று; முதல் தொடுதல் எப்படி நிகழ்கிறது என்பது மற்றொன்று. விளம்பரங்கள் பிட்டைப் பற்றியே பேசுவதற்குக் காரணம், விற்கக்கூடிய பொருள் அதுவாக இருப்பதே.

நின்று துளையிடும் டிரில்லிங் மெஷினில் கட்டை அசையாது, பிட் சுழல்கிறது. கட்டையின் ஒருபுறம் மென்மையான வரி இருந்தால், பிட்டின் முனை அப்பக்கம் சாய்கிறது. மரம் அசையாததால் அந்த மென்மை எப்போதும் அதே திசையில்தான் இருக்கும். ஆகவே சாய்வு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும். லேத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே கட்டையை 'சக்'கில் பிடித்துச் சுழற்றுகிறார்கள். பிட் எதிர்முனையில், டெயில்ஸ்டாக்கில், சுழலாமல் நின்று மெல்ல முன்னேறுகிறது. மென்மையான வரி இப்போது ஒரு சுற்றில் மேலே, அடுத்த நொடியில் பக்கத்தில், பிறகு கீழே என்று வந்துகொண்டே இருக்கிறது. பிட் சாய்வதற்கு நிலையான திசை எதுவும் இல்லை. சுழலும் மரம் தானே அதை நடு அச்சுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. இரும்பு கடையும் பட்டறைகளில் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது. பேனா கடைபவர்கள் பலர் சற்றுத் தாமதமாகக் கண்டுகொண்டார்கள்.

இந்தியாவில் ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் எபோனைட் தண்டுகளைக் கையால் கடைந்து மைப்பேனா செய்யும் பட்டறைகள் புகழ்பெற்றவை. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். அதற்கு வரியும் இல்லை, கணுவும் இல்லை. எத்திசையிலும் ஒரே கடினம். மரத்துக்கு அந்தச் சமநோக்கு இல்லை. அது தான் வளர்ந்த ஆண்டுகளையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. பிட் அவற்றின் ஊடே போக வேண்டியிருக்கிறது. ஆகவே லேத்தில் துளையிடும் முறை எபோனைட்டைவிட மரத்துக்கே மிகுதியும் தேவையானது.

அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. ஹெட்ஸ்டாக்கில் ஒரு கூர்மையும் டெயில்ஸ்டாக்கில் ஒரு கூர்மையும் பொருத்தி, இரண்டையும் நெருக்கிப் பார்க்க வேண்டும். முனையோடு முனை சந்திக்கவில்லையென்றால், எவ்வளவு நல்ல பிட்டாலும் துளையின் வாய் மணிபோல் அகன்றுதான் வரும். மோர்ஸ் டேப்பர் கூம்பினுள் ஒரு துளி மரத்தூள் ஒட்டியிருந்தாலும் பிட் கோணலாக நிற்கும்; துணியால் துடைத்தபின்பே செருக வேண்டும். கட்டை 'சக்'குக்கு வெளியே தேவைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிட்டை வெளியே இழுக்கும்போது, அதனைத் தாங்கிய 'சக்' கூம்பிலிருந்து கழன்று மரத்தோடு சேர்ந்து சுழலத் தொடங்கக்கூடும். இழுக்கும்போது அதன் உடலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வது உயிரோடும் விரலோடும் தொடர்புடைய எச்சரிக்கை.

லேத்தில் துளையிட வசதியில்லாதோர் டிரில்லிங் மெஷினைக் கொண்டே நல்ல துளை இடலாம். கண்காணிப்பு கூடுதலாக வேண்டும், அவ்வளவே. முதலில் மேசை செங்கோணமாக இருக்கிறதா என்பது. வளைத்த கம்பியொன்றைச் 'சக்'கில் பொருத்திக் கையால் சுழற்றினால், அதன் நுனி மேசையை நான்கு புறமும் ஒரேபோல் தொட வேண்டும். ஒருபுறம் தொட்டு மறுபுறம் எழும்பி நின்றால் மேசை சாய்ந்திருக்கிறது. முன்பு சொன்ன ஒன்றரைப் பாகை இங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டாவது, மெஷினின் இறங்கு தூரம். சிறிய மேசை மெஷின்கள் பலவற்றில் அது இரண்டு அங்குலமே. பேனாத் துளையோ அதைவிடச் சற்று ஆழம். நடுவில் நிறுத்தி மேசையை உயர்த்தித் தொடர்வோர், பல வேளைகளில், இரு பாதிகளும் ஒன்றோடொன்று சேராத துளையையே பெறுவார்கள். மெஷின் வாங்கும்போது பலரும் கேட்பது மோட்டாரின் வலிமையை. கேட்க வேண்டியது இந்த இறங்கு தூரத்தை. மூன்றாவது, கட்டையைப் பிடிக்கும் வைஸ். இரு தாடைகளும் ஒருசேர நடுவை நோக்கி நகரும், குறுக்கே பள்ளம் வெட்டிய பேனா வைஸ்கள் கிடைக்கின்றன. செலவுக்கு அஞ்சுவோர், ஆங்கில 'வி' எழுத்துப் போன்ற பள்ளம் வெட்டிய இரு மரத்துண்டுகளுக்கு நடுவே கட்டையை வைத்து இறுக்கினாலும் போதும். நேராக வெட்டிய பள்ளத்துக்கு விலை கிடையாது. கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிடுவது மட்டும் கூடவே கூடாது.

முதல் தொடுதலுக்கு வருவோம். 7 மில்லிமீட்டர் பிட்டை நேரே அழுத்துவது தவறு. நடுப்புள்ளியைக் குறித்து, குட்டையும் தடிமனுமான சென்டர் டிரில்லால் சிறு குழி பறித்துக்கொள்ள வேண்டும். அதன் முனை வளையாது. ஆகவே அது காட்டும் இடம் பிசகாது. பிறகு வரும் நீண்ட பிட் அந்தக் குழியில் வந்து அமர்ந்துகொள்ளும். இந்த ஒரு செயலுக்குச் செலவாவது அரை நிமிடம். சென்டர் டிரில்லின் விலை, புகழ்பெற்ற பேனா பிட்டுகளின் விலையில் ஒரு சிறு பங்கு. ஆனாலும் பல பட்டறைகளில் இழுப்பறையின் மூலையில் துருவேறிக் கிடப்பது அந்தச் சென்டர் டிரில்தான்.

பிட் இறங்கத் தொடங்கியபின் பொறுமையே கருவி. நிமிடத்துக்கு 500 முதல் 1000 சுற்றுக்குள் வேகத்தை நிறுத்தி, கால் அங்குலம் இறங்கியதும் முழுவதும் வெளியே எடுத்து, பள்ளங்களில் அடைந்த தூளைத் தட்டிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். தூள் அடைபட்டால் மூன்று தீங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: பிட் விலகும், சூடேறும், மரம் பிளக்கும். தூரிகையால் தூளைத் துடைக்கும்போது பிட்டைத் தொட்டுப் பார்ப்போர் உண்டு. தொட முடியாத சூடு இருந்தால் மரத்தின் உட்புறமும் அப்படித்தான் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். மறுமுனையை நெருங்கும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். பிட் வெளிவரும் வேகத்தில் அடிமரம் பூப்போல் பிளந்து சிதறும். அதைத் தவிர்க்க, கட்டையைச் சிறிது நீளமாக வைத்துக்கொண்டு, துளை வெளிவருவதற்கு முன்பே நிறுத்தி, மூடியிருக்கும் நுனியை அறுத்து நீக்கித் துளையைத் திறப்பது ஒரு வழி. அடியில் உதவாத பலகையொன்றை இறுக்கி வைத்துக்கொள்வது மற்றொன்று. மரம் கிடைக்கும் அளவைப் பொறுத்தது அது. ஐந்து அங்குலமே உள்ள நிலைக்காலுக்குப் பலகை வைப்பதே பொருந்தும்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு சொல். காயாத மரத்தில் இட்ட வட்டத் துளை, மரம் காயக் காய முட்டை வடிவாகும். குழலைக் கவ்விய பசை விட்டுப்போகும். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்பவர்கள், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவது நாடறிந்த செய்தி. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அக்கருவியும் ஒரு துளையை நம்பியே பாடுகிறது. அசையாத மரமே அவர்களுக்கு வேண்டும். பேனாவுக்கும் பல்லாண்டுகள் உலர்ந்து அடங்கிய நிலைக்கால் மரம் அதே காரணத்தால் ஏற்றது. அதன் இடர் வேறு. உள்ளே முறிந்து தங்கிய ஆணி ஏதேனும் இருந்தால், முதல் சுற்றிலேயே பிட்டின் கூர் போய்விடும். துளையிடுவதற்கு முன் காந்தம் ஒன்றைக் கட்டையின் நான்கு பக்கமும் நகர்த்திப் பார்த்துவிடுவது நன்று.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், பித்தளைக் குழல் கட்டைவிரலின் மெல்லிய அழுத்தத்தில் உள்ளே நழுவ வேண்டும். சுத்தியால் தட்ட வேண்டியிருந்தால் துளை சிறிது, அல்லது வளைந்தது. கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் குழல் தானாக விழுந்தால் துளை பெரிது. நழுவியும் விழாமலும் நிற்கும் நிலையே சரியானது. பசைக்கு வேண்டிய இடைவெளி அதற்குள் அடங்கியிருக்கிறது. குழலின் மேற்புறத்தை உப்புத்தாளால் சற்றே சொரசொரப்பாக்கி, எபாக்ஸி பசை தடவி, திருகிக்கொண்டே செருக வேண்டும். சட்டென்று இறுகும் சயனோஅக்ரிலேட் பசையை நாடுவோர், குழல் பாதி வழியில் பிடித்துக்கொண்டால் மீட்க முடியாது என்பதை மறக்கலாகாது. இரண்டு பாதிகளையும் அருகருகே வைத்து, பென்சில் கோடுகள் ஒன்றோடொன்று நேர்ப்படுகின்றனவா என்று பார்த்து, ஓரிரவு அசையாமல் விட்டுவிட வேண்டும். காலையில் முனைகளைச் சீவிச் சமன் செய்தபின், கம்பியில் கோக்கலாம். அதற்கு மேல் உள்ளது உளியின் வேலை. அது வேறோர் உரைக்குரியது.